பயன்படுத்தாத செயலியைப் போன் தானாக ஒதுக்கும்போது என்ன நடக்கிறது?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வயதான விவசாயிகள் கையில் இருக்கும் போன் பெரும்பாலும் பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததுதான். 32 ஜிபி, மிஞ்சினால் 64 ஜிபி. அதில் ஆண்ட்ராய்டே கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் பேரப்பிள்ளைகளின் படம், கோயில் திருவிழா வீடியோ, காலை வணக்கச் செய்திகள், பத்திருபது செயலிகள் எல்லாம் சேர்ந்தால், 'சேமிப்பிடம் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பு அடிக்கடி வர ஆரம்பித்துவிடும். இது எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை.

இப்போது இன்னொன்றும் நடக்கிறது. குறுவைச் சாகுபடிக்கு விதை இருப்பு பார்க்கலாம் என்று வேளாண்மைத் துறையின் உழவன் செயலியைத் தேடினால், அதன் ஐகானில் சின்ன மேகம் போல ஒரு குறி தெரிகிறது. தொட்டால் திறக்கவில்லை, ஏதோ பதிவிறக்கம் ஓடுகிறது. "யாரோ அழிச்சிட்டாங்கப்பா", "வைரஸ் பூந்துடுச்சு போல" என்று பயந்துபோய் அக்கம்பக்கத்துப் பையன்களிடம் போனை நீட்டுகிறார்கள். யாரும் அழிக்கவில்லை, வைரஸும் இல்லை. நாள்பட்டுத் திறக்காத செயலியைப் போனே ஒதுக்கி வைத்து இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இது நல்ல வசதி. வேண்டாம் என்று ஒரேயடியாக அணைத்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் 'பயன்படுத்தாத செயலி' எது என்பதைப் போன் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதன் போக்கில் விட்டுவிடவும் கூடாது. போன் நாட்களை எண்ணுகிறது. டெல்டாவில் வாழ்க்கை பருவத்தை எண்ணி நடக்கிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் சிக்கல்.

ஒரு செயலி மூன்று இடங்களில் அமர்ந்திருக்கும்

போனில் ஒரு செயலி எடுத்துக்கொள்ளும் இடம் ஒரே மூட்டையாக இருக்காது. முதலாவது செயலியின் உடல், அதாவது பிளே ஸ்டோரிலிருந்து இறங்கிய நிரல். உங்கள் போனிலும் என் போனிலும் அது கிட்டத்தட்ட ஒன்றேதான். இரண்டாவது தரவு: நீங்கள் உள்ளே நுழைந்த கணக்கு, பதிந்த விவரங்கள், தேர்ந்தெடுத்த மாவட்டம், சேமித்த கோப்புகள். இது உங்களுக்கே உரியது. மூன்றாவது கேஷ் எனப்படும் தற்காலிகக் கோப்புகள். ஒருமுறை பார்த்த படத்தை மறுபடி இறக்காமல் காட்டுவதற்காகச் செயலி ஒதுக்கி வைத்திருப்பது. இது போனாலும் நஷ்டமில்லை, தேவைப்படும்போது தானாக மறுபடி சேரும்.

தானாக ஒதுக்கும்போது போவது முதலாவதும் மூன்றாவதும். இரண்டாவது அப்படியே இருக்கும். கதிர் அறுக்கும் எந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் வாடகைக்கு வருகிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது, அடுத்த அறுப்புக்கு மறுபடி வரும். அதை வருஷம் முழுக்க வாசலில் நிறுத்தி இடத்தை அடைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வயலில் எத்தனை மூட்டை கண்டது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று எழுதிய நோட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும், அது வெளியே எங்கும் கிடைக்காது. செயலியின் உடல்தான் எந்திரம், உங்கள் தரவுதான் நோட்டு. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இதையே கையால் 'அன்இன்ஸ்டால்' செய்தால் கதை வேறு. அப்போது எந்திரமும் போகும், நோட்டும் போகும். செயலியை மறுபடி இறக்கலாம், ஆனால் கணக்கு, கடவுச்சொல், விவரங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். செயலிகளை அழித்து அழித்து இடம் பிடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் படும் பாடு இதனால்தான்.

ஆண்ட்ராய்டில் இரண்டு வேலைகள்

ஆண்ட்ராய்டில் இந்த விஷயம் குழப்பமாகத் தெரிவதற்குக் காரணம், இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் ஒரே மாதிரி தோன்றுவதுதான்.

முதலாவது உறங்க வைப்பது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இல் இது தொடங்கியது. சில மாதங்கள் திறக்காத செயலிக்கு நீங்கள் கொடுத்திருந்த இருப்பிடம், கேமரா, மைக் போன்ற அனுமதிகளைப் போன் திரும்ப எடுத்துக்கொண்டது. தேவையில்லாத செயலி நம்மை வேவு பார்க்கக் கூடாது என்பது நோக்கம், நியாயமான நோக்கம். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 12-இல் இன்னும் ஒரு படி போனார்கள். அனுமதியைப் பறிப்பதோடு கேஷ் கோப்புகளையும் துடைத்துவிடும். அந்தச் செயலி பின்னணியில் ஓட முடியாது. அதற்கு வரும் அறிவிப்புகளும் வராது. செயலி போனில்தான் இருக்கும், ஐகானில் மாற்றம் தெரியாது. ஆனால் ஆழ்ந்த உறக்கம்.

இரண்டாவது ஒதுக்கி வைப்பது. இதற்கு ஆண்ட்ராய்டில் 'ஆர்க்கைவ்' என்று பெயர். கூகுள் பிளே ஸ்டோர் இதைத் தானாகச் செய்யும் வசதியை 2023 ஏப்ரலில் கொண்டுவந்தது. செயலியின் உடலை எடுத்துவிட்டு, ஐகானையும் மறுபடி இறக்குவதற்கான ஒரு சிறு துண்டையும் மட்டும் விட்டுவைக்கும். இதனால் ஒரு செயலி பிடித்திருக்கும் இடத்தில் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும் என்பது கூகுள் சொன்ன கணக்கு. ஆண்ட்ராய்டு 15-இல் இந்த வசதி போனின் அமைப்புகளுக்குள்ளேயே (செட்டிங்ஸ்) வந்துவிட்டது. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலியின் தகவல் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் 'ஆர்க்கைவ்' பொத்தான் இருக்கும். ஒதுக்கிய பிறகு அதே இடத்தில் 'ரீஸ்டோர்' வரும்.

'60 சதவீதம் வரை' என்பதில் அந்த 'வரை' முக்கியம். உடல் பெரியதாகவும் தரவு சின்னதாகவும் இருக்கும் செயலியில் நல்ல லாபம். தரவு மலைபோல் குவிந்த செயலியில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. சினிமா பார்க்கும் செயலி ஒன்றில் ஐந்தாறு படங்களை இறக்கி வைத்திருந்தால், செயலியை ஒதுக்கினாலும் அந்தப் படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். படங்களைத் தனியாக அழித்தால்தான் இடம் வரும்.

எது 'பயன்பாடு' என்று போன் கணக்கு வைக்கிறது? செயலியைத் திறப்பது கணக்கில் சேரும். முகப்புத் திரையில் வைத்திருக்கும் அதன் விட்ஜெட்டை (செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் சிறு கட்டம்) தொட்டாலும் சேரும். அது அனுப்பிய அறிவிப்பைத் தொட்டுத் திறந்தாலும் சேரும். ஆனால் அறிவிப்பைப் படித்துவிட்டு விரலால் ஒதுக்கித் தள்ளினால் சேராது. இதைக் கவனித்தே ஆக வேண்டும். மழை எச்சரிக்கை வந்த உடனே அதைப் படித்துப் பயனடைந்துவிட்டு, அப்படியே தள்ளிவிடுவதுதான் நம் எல்லோருடைய பழக்கமும். நமக்கு அது பயன்பட்டது. போனின் கணக்கில் அந்தச் செயலி சும்மா கிடக்கிறது.

ஐபோனில்

ஐபோன் வைத்திருப்பவர்கள் டெல்டாவில் குறைவு என்றாலும், சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன ஐபோன்கள் இப்போது நிறையவே ஊருக்குள் வந்துவிட்டன. ஆப்பிள் 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் இதைத் தொடங்கியது. 'ஆஃப்லோட்' என்று சொல்கிறார்கள். உடலை எடுத்துவிட்டுத் தரவை வைத்துக்கொள்ளும் அதே முறை. ஐகானின் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி தெரியும். அமைப்புகளில் ஆப் ஸ்டோர் பகுதிக்குள் 'ஆஃப்லோட் அன்யூஸ்டு ஆப்ஸ்' என்ற சுவிட்ச் இருக்கும். ஐஓஎஸ் 18 முதல் அந்த ஆப் ஸ்டோர் பகுதி 'ஆப்ஸ்' என்ற தலைப்புக்குள் போய்விட்டது. ஆண்ட்ராய்டில் உள்ளதுபோல இந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு என்று சொல்ல அங்கே தனிச் சுவிட்ச் கிடையாது. ஆன் செய்தால் எல்லாவற்றுக்கும் ஆன்.

அதனால் எச்சரிக்கைச் செயலிகளை நம்பியிருப்பவர்கள் ஐபோனில் இந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு, கையால் ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. அமைப்புகளில் 'ஜெனரல்' போய் 'ஐபோன் ஸ்டோரேஜ்' திறந்தால், அதிகம் இடம் பிடித்த செயலி முதலில் வரும்படி வரிசையாகக் காட்டும். கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்பதும் கூடவே இருக்கும். வேண்டாததைத் தொட்டு 'ஆஃப்லோட் ஆப்' கொடுத்தால் போதும்.

இரண்டு வகைப் போனுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: ஒதுக்கிய செயலி திரும்பி வர வேண்டுமானால், அது இன்னும் ஸ்டோரில் இருக்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது நினைவிருக்கும். அப்படி ஸ்டோரிலிருந்து போய்விட்ட செயலியை ஒதுக்கியிருந்தால் ஐகான் மட்டும்தான் மிச்சம். தடை என்று இல்லை, பராமரிக்க ஆள் இல்லாமல் ஸ்டோரிலிருந்து எடுக்கப்படும் சிறிய செயலிகளுக்கும் இதே கதிதான். உங்கள் பண்ணைக் கணக்கையோ பால் கணக்கையோ ஏதாவது சின்னச் செயலியில் எழுதி வைத்திருந்தால், அதை ஒரு தாளிலோ வேறு கோப்பிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பருவச் செயலிகள்

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதை ஒட்டிக் குறுவை, பிறகு சம்பா, தாளடி. விதை, உரம், எந்திர வாடகை, மானியம், பயிர்க் காப்பீடு, கடைசியாக நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம். தமிழ்நாடு வேளாண்மைத் துறை 2018-இல் கொண்டுவந்த உழவன் செயலியைச் சாகுபடி தொடங்கும்போது தினமும் திறப்பார்கள். பயிர் நின்றுவிட்டால் மாதக்கணக்கில் தொட மாட்டார்கள். இது இயல்பு. போனுக்கு இந்த இயல்பு தெரியாது.

இன்னும் சில உதாரணங்கள். பிஎம் கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. அந்தச் செயலியைத் தவணை நேரத்தில்தான் திறப்பார்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கப் பயன்படுத்தும் ஜீவன் பிரமாண் செயலிக்கு ஆண்டில் ஒரே ஒரு வேலை, மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குப் பொதுவாக நவம்பரில். இவை ஒதுக்கப்பட்டால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் தொட்டால் இறங்கிவிடும், தரவும் அப்படியே இருக்கும். இடம் குறைவான போனில் இவற்றை ஒதுக்கி வைப்பதே சரி என்றுகூடச் சொல்வேன்.

இங்கே ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முகம் காட்டிச் சரிபார்க்கும்போது, ஜீவன் பிரமாண், பிஎம் கிசான் செயலிகளுக்குத் துணையாக 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என்ற இன்னொரு செயலி வேலை செய்கிறது. அது முகப்புத் திரையில் ஐகானாகத் தெரியாது, திறந்து பார்க்கவும் ஒன்றும் இல்லை. அமைப்புகளில் செயலிப் பட்டியலைப் பார்த்து, 'இது என்னவோ, நான் போடவே இல்லையே' என்று அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் முகச் சரிபார்ப்பு நடக்காமல் இ-சேவை மையத்துக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். அதை விட்டுவையுங்கள்.

உண்மையில் ஒதுக்கவே கூடாதவை வேறு. அவை நாம் திறந்து பார்க்காவிட்டாலும் நமக்காக விழித்திருக்க வேண்டிய செயலிகள். புனேயில் உள்ள இந்திய வெப்ப மண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' அப்படி ஒன்று. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் தாக்கும் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். டெல்டாவில் வயல் என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒதுங்க ஒரு கட்டடம் கிடையாது. நடவிலும் களையெடுப்பிலும் நிற்கும் பெண்களுக்குத்தான் கோடை இடியும் ஐப்பசி இடியும் பெரிய ஆபத்து. மழை ஓய்ந்து மார்கழி, தை, மாசி என்று மாதங்கள் போகும். தாமினியைத் திறக்க யாருக்கும் காரணம் இருக்காது. போன் அதை உறங்க வைக்கும். இருப்பிட அனுமதியையும் எடுத்துவிடும். சித்திரையில் கோடை மழை இடியோடு வரும்போது, அந்தச் செயலிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது. தெரிந்தாலும் அறிவிப்பு அனுப்ப முடியாது. ஐகான் வழக்கம்போல் இருப்பதால், எச்சரிக்கை வரும் என்ற நம்பிக்கையில் நாம் இருப்போம். இதைவிட ஐகானில் மேகக் குறி தெரிவது எவ்வளவோ மேல், அப்போதாவது ஏதோ மாறியிருக்கிறது என்று புரியும்.

கடற்கரைப் பக்கமும் இதே நிலைதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதி விசைப்படகுக்காரர்கள் அந்த இரண்டு மாதமும் கடல் செயலிகளைத் திறக்கத் தேவையில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' போன்ற செயலி காற்று, அலை உயரம் சொல்வதோடு, சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். இருப்பிட அனுமதி போய்விட்டால் எல்லை எச்சரிக்கைக்கு அர்த்தமில்லை. செயலி ஒதுக்கப்பட்டிருந்தால் நடுக்கடலில் இறக்கிக்கொள்ள இணையமும் இல்லை. தடை முடிந்து முதல்முறை கடலுக்குப் போகுமுன், கரையிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். திறந்ததும் இருப்பிடம் கேட்டால் அவசரத்தில் 'வேண்டாம்' கொடுத்துவிடாதீர்கள்.

புயல் காலத்தில் இணையம் இருக்காது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் முடங்கின. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஒதுக்கிய செயலியைத் தொட்டால் வந்துவிடும் என்ற வசதியெல்லாம் சிக்னல் இருக்கும்வரைதான். தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்', வானிலைத் துறையின் 'மௌசம்', பயிர்வாரியாக அறிவுரை தரும் 'மேகதூத்' எல்லாம் புரட்டாசி முடிவதற்குள் போனில் முழுதாக, விழித்த நிலையில் இருக்க வேண்டும். பேரிடர் நேரத்தில் போன் கோபுரத்திலிருந்து நேரடியாக வரும் உரத்த எச்சரிக்கை ஒலிக்கு எந்தச் செயலியும் தேவையில்லை, அது தனி ஏற்பாடு. ஆனால் அதை மட்டும் நம்பி மற்றவற்றை விட்டுவிட வேண்டாம்.

பணச் செயலிகளையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். யுபிஐ செயலியும் வங்கிச் செயலியும் ஒதுக்கப்பட்டுத் திரும்பி வரும்போது, பாதுகாப்புக்காகச் சில செயலிகள் எஸ்எம்எஸ் சரிபார்ப்பை மறுபடி கேட்கலாம். உரக்கடையில் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்த பிறகு, சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில் நின்று இதைச் செய்ய முடியாது.

விலக்கு கொடுப்பது எப்படி

ஆண்ட்ராய்டில் தாமினி ஐகானை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். வரும் சிறு பட்டியலில் 'ஆப் இன்ஃபோ', அல்லது வட்டத்துக்குள் 'ஐ' எழுத்துள்ள குறி இருக்கும். அதைத் தொட்டுக் கீழே போனால், 'அன்யூஸ்டு ஆப் செட்டிங்ஸ்' என்ற தலைப்பில் ஒரு சுவிட்ச் இருக்கும். பழைய போன்களில் 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்டு', புதியவற்றில் 'மேனேஜ் ஆப் இஃப் அன்யூஸ்டு'. போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தமிழில் வைத்திருந்தால் அதற்கேற்ற தமிழ்ப் பெயர் இருக்கும். அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டால், இந்தச் செயலியைப் போன் தன் விருப்பத்துக்கு உறங்க வைக்காது. புதிய ஆண்ட்ராய்டில் தானாக ஒதுக்குவதும் இதே சுவிட்சின் கீழ்தான் வருகிறது. அதே பக்கத்தில் 'பர்மிஷன்ஸ்' திறந்து இருப்பிட அனுமதி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிளே ஸ்டோரில் உள்ளது தனிச் சுவிட்ச். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' என்று போனால் 'ஆட்டோமேட்டிக்கலி ஆர்க்கைவ் ஆப்ஸ்' தெரியும். மற்ற செயலிகளுக்காக இது ஆன் ஆகவே இருக்கட்டும். முக்கியமானவற்றுக்கு விலக்கு கொடுத்த பிறகு.

சாம்சங் போனில் இன்னொரு அடுக்கு உண்டு. அது இடத்துக்காக அல்ல, பேட்டரிக்காக. 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் ஒரு செயலி போய்விட்டால் அது பின்னணியில் ஓடவே ஓடாது. பேட்டரி அமைப்புகளில் 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' திறந்து, எச்சரிக்கைச் செயலிகளை 'நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எது ஏற்கெனவே உறங்கிக் கிடக்கிறது என்று பார்க்க, அமைப்புகளில் 'ஆப்ஸ்' போய் 'அன்யூஸ்டு ஆப்ஸ்' திறந்தால் பட்டியல் வரும். முதல்முறை பார்க்கும்போது நம்மை நாமே தெரிந்துகொள்வதுபோல இருக்கும், இத்தனையையா போட்டு வைத்திருந்தோம் என்று.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் செயலி இல்லை

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். நம் போன்களில் இடம் தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் பயன்படுத்தாத செயலி இல்லை, தினமும் பயன்படுத்தும் வாட்ஸ்அப். போன் ஒருநாளும் அதை ஒதுக்காது, ஏனென்றால் நாம் அதைத் திறக்காத நாளே கிடையாது. அப்படியே ஒதுக்கினாலும், முன்பு சொன்னதுபோல தரவு தங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்', 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாக, பலமுறை பகிரப்பட்டவை தனியாக, பிறகு எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஊர்க் குழு, உறவுக் குழு, பழைய மாணவர் குழு இவைதான் பெரும்பாலும் மேலே நிற்கும். ஒரே வீடியோ நான்கு குழுக்களில் வந்திருக்கும். அழிக்குமுன் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். பட்டா நகல், காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையத்தில் கொடுத்த சீட்டின் படம் இவையெல்லாமும் அங்கேதான் கலந்து கிடக்கும். அவற்றை முதலில் கூகுள் டிரைவிலோ, மெமரி கார்டிலோ, பிள்ளைக்கு அனுப்பியோ பத்திரப்படுத்திவிட்டு மற்றதை அழிக்கலாம். அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் குப்பை சேரும் வேகமே குறைந்துவிடும்.

கொஞ்சம் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. போனில் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம். அதில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகுதான் அங்கே எழுத முடியும். காலி இடம் தாராளமாக இருந்தால் இந்த அழிக்கும் வேலையைப் போன் சும்மா இருக்கும் நேரத்தில் செய்துவைக்கும். இடமே இல்லாதபோது, நீங்கள் ஒரு படம் எடுக்கும் நொடியில் அதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நிறைந்த போன் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு மேம்படுத்தலும் இடம் இல்லாவிட்டால் இறங்காமல் நின்றுவிடும்.

'கிளியர் கேஷ்' பயமில்லாமல் கொடுக்கலாம். அதன் பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' அப்படியில்லை, அது நோட்டை எரிப்பது. 'ஒரே தட்டில் போனைச் சுத்தம் செய்கிறோம்' என்று விளம்பரம் காட்டி வரும் துப்புரவுச் செயலிகள் வேண்டாம். கூகுளின் 'ஃபைல்ஸ்' செயலியே குப்பைக் கோப்பு, இரட்டைப் படம், பயன்படுத்தாத செயலி எல்லாவற்றையும் காட்டிவிடும். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பாக, வரும் எந்தச் செயலியையும் போடாதீர்கள். அரசுத் திட்டத்தின் பெயரைச் சொல்லி வரும் அப்படிப்பட்ட கோப்புகளால் வங்கிக் கணக்கில் பணம் இழந்தவர்கள் பலர். பிளே ஸ்டோர் வழியாக வராத செயலிகளுக்கு, பிளே ஸ்டோரின் தானாக ஒதுக்கும் வசதியும் பொருந்தாது.

சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அப்பா அம்மா போனில் இதைச் செய்துகொடுக்கலாம். முதலில் வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்து இடம் பிடியுங்கள். பிறகு தாமினி, டிஎன் அலர்ட், மௌசம், வங்கிச் செயலி இவற்றுக்கு விலக்கு கொடுங்கள். அதன் பிறகு பிளே ஸ்டோரில் தானாக ஒதுக்குவதை ஆன் செய்துவிட்டு, மேகக் குறி என்றால் என்ன, தொட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் விரலாலேயே ஒருமுறை தொடவைத்துக் காட்டுங்கள். மின்வாரியச் செயலியை ஒதுக்கிவிட்டு அவர்களையே திரும்ப இறக்கச் சொன்னால் போதும்.